தொண்ணூற்று நான்கு விநாடி

செப்டம்பர் 6, 2022, செவ்வாய்

படபடப்பு: காலை 11.20. நாடி 112. பத்து நிமிடத்தில் அடங்கியது.

டாக்டர் காந்திமதி சொன்னபடி இன்று தொடங்குகிறேன். படபடப்பு வரும் நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், நாடித் துடிப்பு எவ்வளவு, எல்லாவற்றையும் மூன்று வாரம் எழுதிக்கொண்டு வர வேண்டும். "நாப்பத்தொம்பது வயசுல இதெல்லாம் வரத்தான் செய்யும்மா. எப்ப வருதுன்னு தெரிஞ்சா மருந்து குடுக்க வசதி" என்றார். இந்த வயதுப் பெண்ணுக்கு எது வந்தாலும் ஹார்மோன் என்று சொல்லிவிடுவது வைத்தியர்களுக்குச் சுலபம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவர் இதைப் படிப்பார் என்பதால் வேலையைப் பற்றி இரண்டு வரி. இதய நோயாளிகளைக் கண்காணிக்கும் கருவி செய்யும் நிறுவனம் எங்களுடையது. நோயாளி நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொண்டு நடமாடலாம். அவருடைய இதயத் துடிப்பு கம்பியில்லாமல் நர்ஸ் மேசைக்கு அருகிலுள்ள சர்வருக்குப் போகும். துடிப்பு தவறினால் அந்த மேசையில் அலாரம் அடிக்கும். நோயாளி பயந்துவிடக் கூடாது என்பதால் பெட்டியில் ஒலி கிடையாது. அந்தச் சர்வருக்குள் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடும் கெர்னல் என் பொறுப்பு.

11.20க்கு ஷாகுல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவமனைகளுக்குப் போய் எங்கள் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் ஷாகுல்தான். ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் போன வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் இறந்துவிட்டார். பெயர் சென்னியப்பன், வயது அறுபத்தொன்று. ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள். 4.41க்குத் துடிப்பு தாறுமாறாகியிருக்கிறது. நர்ஸ் எழுந்து போனது ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து.

"அலாரம் அடிச்சிருக்கு மேடம், லாக்ல நேரம் இருக்கு. அந்தம்மா போனைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. நம்ம மேல ஒண்ணுமில்ல. அந்த கேன்டீன் காபி குடிச்சதுக்கு எனக்குத்தான் அலாரம் அடிச்சிருக்கணும்."

"நர்ஸ் என்ன சொல்றாங்க?"

"அடிக்கவே இல்லங்கறாங்க. வேற என்ன சொல்லுவாங்க?"

சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவுதான் லாக். அதை முழுவதும் கொண்டுவரச் சொன்னேன். இன்று இரண்டாம் முறை காபி குடித்தேன். அதனால் வந்த படபடப்பாக இருக்கும்.

செப்டம்பர் 7, புதன்

படபடப்பு: 10.05, நாடி 124. மறுபடி 10.40, நாடி 118. மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, எண்ணவில்லை.

லாக் வந்தது. அலாரம் 4.41.10க்குப் பதிவாகியிருக்கிறது. நர்ஸ் ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தியது 4.42.50க்கு. சர்வர் 143 நாளாக நிறுத்தாமல் ஓடியிருக்கிறது. மற்றபடி குறிப்பாக எதுவுமில்லை. டிஸ்க் மெதுவாக இருக்கலாம். ஷாகுலிடம் டிஸ்க்கைச் சோதிக்கச் சொன்னேன்.

"டிஸ்க் நல்லாத்தான மேடம் இருக்கு?"

"பாருங்க."

லாக் கோப்பை என் லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். சீக்கிரம் வீட்டுக்கு வந்து துணி அலமாரியை முழுக்க ஒழித்து அடுக்கினேன். அடுக்கியதைப் பார்த்து அவர், "விருந்தாளி யாரும் வர்றாங்களா, உமை?" என்றார். என் கணவர் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். எதையும் கேள்வியாகத்தான் சொல்வார்.

செப்டம்பர் 8, வியாழன்

ஓணம். உள்ளூர் விடுமுறை. எதிர்வீட்டிலிருந்து அடைப் பிரதமன் பாயசம் வந்தது. படபடப்பு இல்லை. லேப்டாப்பைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

படபடப்பு: 3.15. நாடி 120.

தண்டபாணி சார் கூப்பிட்டார். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் இன்னும் இங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான். என்னைவிட எட்டு வயது மூத்தவர், பதினாறு வருடமாக என்னை 'ங்க' போட்டே பேசுகிறவர்.

"ஈரோட்டுக்காரங்க ஒரு லெட்டர் கேக்கறாங்கங்க. அலாரம் பதிவான நேரம் இன்னதுன்னு நாம எழுதிக் குடுக்கோணும். கெர்னல் நீங்க பாக்கறதால உங்க கையெழுத்து இருந்தா நல்லாருக்குமுங்க."

"அடிச்ச நேரம்னு போட்டிருக்கா, பதிவான நேரம்னு போட்டிருக்கா சார்?"

"பதிவான நேரம்னுதானுங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

கடிதம் நாலே வரி. மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் மின்சார வாரியத்துக்கு எழுத வேண்டிய புகாரை எழுதி முடித்தேன். மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டது.

செப்டம்பர் 11, ஞாயிறு

படபடப்பு: காலை 9, மதியம் 12.30, மாலை 5. நாடி எல்லா முறையும் 110க்கு மேல்.

குக்கரில் பருப்பு வைத்துவிட்டு அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். தொண்ணூற்று நான்கு வரை எண்ணி நிறுத்தினேன். ஏன் தொண்ணூற்று நான்கு என்று தெரியவில்லை. அவ்வளவு நேரத்தில் ஒருவர் எழுந்து, செருப்பை மாட்டி, கூடத்தைக் கடந்து, வாசல் கதவைத் திறந்து, படியிறங்கித் தெருவுக்கே போய்விடலாம்.

தொலைபேசியில் 0424 எண்ணிலிருந்து அழைப்பு. ஈரோடு. எடுக்கவில்லை. பிறகு பார்த்தால் அது ஜவுளிக்கடை விளம்பரம். உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, திங்கள்

பரிசோதனைக் கூடத்துச் சர்வரில் ஒரு தாள் ஒட்டினேன்: 'ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. உமையாள்.' கூடத்தில் இருந்தவர்கள் தாளையும் என்னையும் பார்த்தார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது நானே போட்ட விதி. மூன்று வருடத்தில் ஒருநாள் தவறியதற்கு ஒருவரைக் கடிந்திருக்கிறேன்.

சும்மா ஒரு சந்தேகம். சரிபார்த்தால் முடிந்துபோகும். நூற்று நாற்பது நாள் காத்திருக்க முடியாது என்பதால் பரிசோதனைக்காக நிரல் உருவாக்கும் போலி நோயாளிகளை நாற்பது மடங்காக்கி ஓடவிட்டேன்.

செப்டம்பர் 14, புதன்

இந்த நோட்டை டாக்டரிடம் காட்டப் போவதில்லை. அவருக்கு வேறொன்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

காலை 10.50க்குக் கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். எல்லோரும் தேநீருக்குப் போயிருந்தார்கள். ஒரு போலி நோயாளியின் துடிப்பைத் தாறுமாறாக்கினேன். லாகில் அலாரம் அந்த விநாடியே பதிவானது. திரையில் எதுவும் வரவில்லை. ஒலியும் இல்லை. மற்ற நோயாளிகளின் பச்சைக் கோடுகள் அசையாமல் உறைந்து நின்றன. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். முப்பது. நாற்பது. ஐம்பது. யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்று பயந்தேன். யாருமே வராமல் போய்விடுவார்களோ என்றும் பயந்தேன். எழுபத்தொன்றாவது விநாடியில் சிவப்புக் கட்டம் வந்தது, அலாரம் அடித்தது. நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. வராந்தாவில் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னாச்சு மேடம்?" என்றார். பல்லி என்றேன்.

நடந்ததை எனக்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் சர்வரில் இரண்டு ப்ராசசர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே தனக்கென்று நினைவகம் உண்டு. ஒன்று மற்றதன் நினைவகத்தையும் பயன்படுத்தலாம். சற்றுத் தள்ளி இருப்பதால் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஒரு நிரல் இடம் கேட்டால் எந்தப் பக்கத்திலிருந்து கொடுப்பது என்று தீர்மானிப்பது கெர்னல். 2019இல் நான் அதில் ஒரு மாற்றம் செய்தேன். தன் பக்கம் நிறைந்துவிட்டால் மறுபக்கத்துக்குப் போகாதே, தன் பக்கத்தில் இருக்கும் பழையதை அகற்றி இடம் உண்டாக்கு. பரிசோதனையில் வேகம் பதினொரு சதவீதம் கூடியது. அதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசினேன். கை தட்டினார்கள்.

தினமும் காலையில் ரீஸ்டார்ட் ஆகும் சர்வரில் நினைவகம் நிறையவே நிறையாது. சுத்தமான நிலையில் தொடங்கினால்தான் ஒருநாள் முடிவை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியும் என்று அந்த விதியைப் போட்டிருந்தேன். மருத்துவமனையில் யார் தினமும் சர்வரை நிறுத்துவார்கள்? அங்கே மாதக்கணக்கில் ஓடி, ஒரு பக்கம் முழுக்க நோயாளிகளின் துடிப்புப் பதிவுகளால் நிறைந்துவிடும். அதை அகற்ற முதலில் டிஸ்க்கில் எழுதியாக வேண்டும். எழுதி முடியும்வரை இடம் கேட்ட நிரல் காத்து நிற்கும். அலாரம் வந்ததைப் பதிவு செய்யும் நிரலுக்குப் புதிதாக இடம் தேவையில்லை. அதனால் லாகில் நேரம் உடனே விழுந்துவிடுகிறது. சிவப்புக் கட்டத்தை வரைந்து ஒலி எழுப்பும் நிரலுக்குத்தான் இடம் தேவை. மிகக் கொஞ்சம், நாலு மெகாபைட்.

எழுபத்தொரு விநாடியும் மறுபக்கம் காலியாகவே இருந்தது. அந்த எண்ணையும் பார்த்தேன். ஐம்பத்தெட்டு ஜிகாபைட் காலி.

செப்டம்பர் 15, வியாழன்

தண்டபாணி சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பேசி முடித்ததும் சற்று நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை ஆஸ்பத்திரிங்க?"

"பதினாலு."

"இன்னிக்கே எல்லாத்துக்கும் மெயில் போட்டறலாம். உடனே ஒருக்கா ரீஸ்டார்ட், அப்புறம் வாரம் ஒருக்கா. பராமரிப்புன்னு சொல்லிக்கலாமுங்க. நீங்க அந்த மாத்தத்தை எடுத்துருங்க, ஷாகுல் ஒவ்வொரு எடமா போய்ப் போட்டுட்டு வரட்டும். ஈரோடு மொதல்ல."

"அந்த நர்ஸ், சார்?"

"அது அவங்க ஆஸ்பத்திரி விவகாரமுங்க. நம்ம லெட்டர்ல பொய் ஒண்ணுமில்லீங்களே?" குரல் தணிந்தது. "இங்க அறுவது பேரு வேலை செய்யறாங்க. இது வெளிய போனா நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியும் நம்மள உள்ள விடாது. எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது."

அவர் பயம் என்று சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன். மாலைக்குள் பதின்மூன்று மருத்துவமனைகள் ரீஸ்டார்ட் செய்துவிட்டதாகப் பதில் வந்தது. ஈரோட்டில் மட்டும், விசாரணை நடப்பதால் எங்கள் ஆள் வந்துதான் தொட வேண்டும் என்றார்கள். அதுவரை அந்த வார்டில் பெட்டி மாட்டியவர்கள் பக்கத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பாராம். இனி யாருக்கும் ஆபத்தில்லை.

செப்டம்பர் 16, வெள்ளி

ஷாகுல் சொன்னது. நர்ஸின் பெயர் ஞானசெல்வி. நாகர்கோவில் பக்கம். பதினான்கு வருடமாக அந்த மருத்துவமனையில் வேலை. எங்கள் கடிதம் போன மறுநாள் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். சென்னியப்பன் குடும்பம் போலீசில் புகார் கொடுத்திருக்கிறது. 21ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு விசாரணை.

"தினமும் எனக்குப் போன் பண்றாங்க மேடம். 'தம்பி, மெஷினை இன்னொருவாட்டி பாருங்க'ன்னு. உங்க நம்பரைக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம்."

அவன் நாளை ஈரோடு போகிறான். என்னையும் கூட வரச் சொல்கிறார் தண்டபாணி சார். மாற்றத்தை எடுக்கும்போது நானே பக்கத்தில் இருந்தால் நல்லதாம்.

இன்று அலுவலக வாசலில் போலீஸ் ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் எதிர்க்கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அது கிளம்பும்வரை நான் லிஃப்ட் பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 17, சனி

ஈரோடு போய் வந்தோம். வார்டு நான் நினைத்ததைவிடச் சின்னது. நர்ஸ் மேசையிலிருந்து சென்னியப்பன் இருந்த அறைக்கு எட்டு அடி வைத்தால் போதும். கதவு சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார்.

மாற்றத்தை எடுத்தேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அதற்கு முன் உள்ளிருந்த எண்களைப் பிரதி எடுக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் அவை அழிந்துவிடும். செய்யாமல் முடியாது, வழக்கம் அதுதான்.

கிளம்பும்போது மாடிப்படியருகே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கத்தரிப்பூ நிறச் சேலை, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஷாகுலைப் பார்த்ததும் எழுந்தாள்.

"தம்பி, பார்த்தாச்சா?"

ஷாகுல் என்னைக் காட்டி, "மேடம்தான் பெரியவங்க, அவங்களே வந்திருக்காங்க" என்றான். பிறகு கார் எடுக்கப் போய்விட்டான்.

ஞானசெல்வி உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். காது பரிசோதனை முடிவு.

"ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்குன்னு எழுதியிருக்காங்க பாருங்க மேடம். நான் அந்த மேசைலதான் இருந்தேன். ஆறாம் பெட் சார்ட் எழுதிட்டிருந்தேன். அலாரம் அடிச்சா நான் ஓடியிருப்பேம்லா? பதினாலு வருசமா ஓடுற காலு, தானா எந்திரிக்கும்லா?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா லாக்ல அடிச்சிருக்குன்னு கம்பெனியே எழுதிக் குடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர் எதுக்கு பொய் சொல்லப் போவுது? காதுல கோளாறு இல்லன்னா மண்டையில ஏதோ கோளாறு. ரெண்டு நிமிசம் எனக்க முன்னால மணி அடிச்சிருக்கு, எனக்குத் தெரியல. அத நினைச்சா வீட்டுல அடுப்பு பத்த வைக்கக்கூட பயமா இருக்கு மேடம். மவளைத்தான் பத்த வைக்கச் சொல்லுதேன்."

"விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?"

"அலாரம் அடிச்சுது, நான் கவனிக்கலன்னு எழுதிக் குடுத்துருன்னு சொல்லுறாங்க. அப்படிக் குடுத்தா வேலை மட்டும் போவும், போலீசு வரைக்கும் போவாதாம். குடுத்துரலாம்னு இருக்கேன். நானே இப்ப அப்படித்தான் நம்புதேன்." சிரிக்கப் பார்த்தாள். "நீங்க படிச்சவங்க. மெஷின்ல ஒண்ணும் இல்லல்லா மேடம்?"

"பார்க்கிறேன்" என்றேன்.

பார்த்து முடித்துவிட்டு வந்த படியில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

திரும்பும் வழியில் ஷாகுல் பெருந்துறையில் டீ குடிக்க நிறுத்தினான். என் டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தான். "சூடா இருக்கு மேடம், ஆறட்டும்" என்றான். பிறகு வேறெங்கோ பார்த்தபடி, "அந்த அக்கா பொய் சொல்ற ஆளு இல்ல மேடம்" என்றான்.

செப்டம்பர் 18, ஞாயிறு

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் அவர் காலையிலேயே தொடங்கினார். "ஒரு மாசம் கோழிகளுக்கு நல்ல காலம். நமக்குக் கத்தரிக்காய் காலம்." நான் சிரிக்கவில்லை.

"உமை, என்ன விஷயம்னு சொல்றியா, இல்ல நான் ஒண்ணொண்ணா கேட்கட்டுமா?"

"ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு தப்புப் பண்ணிட்டாங்க. இன்னொருத்தர் மேல பழி விழுது."

"தப்புப் பண்ணவருக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அது தப்பு இல்லையே, வேறென்னமோ ஆச்சே?" என்றார். கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே போனார். அந்த ஒருத்தர் யார் என்று கேட்கவேயில்லை. முதல்முறையாக அவர் கேட்காமல் விட்டது எனக்குப் பயமாக இருந்தது.

நாள் முழுக்கப் படபடப்பு. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 19, திங்கள்

தண்டபாணி சாரிடம் விசாரணைக்குப் போகப்போவதாகச் சொன்னேன்.

"என்னத்தக் காட்டுவீங்க? ஈரோட்டு மெஷினை ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. நம்ம கூடத்துல ஓட்டினதுல எழுவத்தொரு விநாடி வந்துது, சரி. அன்னிக்கு அங்க அதேதான் நடந்துச்சுன்னு யாருங்க சொல்லுவாங்க? சந்தேகத்துக்கு ஒரு கம்பெனியவே சாச்சுப்போடாதீங்க."

நான் எழுந்துவிட்டேன். கதவருகே போகும்போது, "உங்ககிட்ட வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இல்லை" என்றேன்.

செப்டம்பர் 20, செவ்வாய்

இருக்கிறது.

7ஆம் தேதிப் பக்கத்தில் 'குறிப்பாக எதுவுமில்லை, டிஸ்க் மெதுவாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். பொய். இடம் கேட்டுக் காத்திருந்த நேரத்தில் மிக நீண்டது எவ்வளவு, அது எப்போது நடந்தது என்று குறித்துவைக்கும் ஓர் எண்ணியை 2019இல் நானே கெர்னலில் சேர்த்திருந்தேன். யாரும் அதைப் பார்ப்பதில்லை, அப்படி ஒன்று இருப்பதும் தெரியாது. ஷாகுல் கொண்டுவந்த லாகின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. செப்டம்பர் 2, 4.41.10. தொண்ணூற்று நான்கு விநாடி. அப்படியானால் மேசையில் ஒலி எழுந்தது 4.42.44க்கு. ஞானசெல்வி எழுந்து பொத்தானை அழுத்த எடுத்துக்கொண்டது ஆறு விநாடி.

7ஆம் தேதி காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அதைப் படித்தேன். படித்த அந்தக் கணமே என் மாற்றம்தான் என்று தெரியும். தெரிந்துதான் டிஸ்க் என்றேன். தெரிந்துதான், 'அடித்த நேரமா, பதிவான நேரமா' என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பரிசோதனை செய்தது தெரிந்துகொள்ள அல்ல; தவறாக இருக்கக்கூடும் என்ற நப்பாசையில். சனிக்கிழமை ஈரோட்டில் பிரதி எடுக்காமல் ரீஸ்டார்ட் செய்ததால் சர்வரிலிருந்த எண் அழிந்துவிட்டது. ஷாகுல் தன் பிரதியை வேலை முடிந்ததும் அழித்துவிடுவான், அதுதான் அவன் வழக்கம். மிச்சமிருப்பது என் லேப்டாப்பில் உள்ள ஒரே கோப்பு.

இன்று மதியம் அதன்மேல் சுட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அழித்துவிட்டால் யாராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண் தானாகவே கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாள். இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்றுதான் நடுங்கினேன்.

பிறகு அதைத் தாளில் அச்செடுத்தேன். மூன்று பிரதி. ஒன்றை வீட்டில் அவரிடம் கொடுத்து, பீரோவில் வைக்கச் சொன்னேன். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் வரட்டுமா?" என்றார் கடைசியில்.

"வேண்டாம். கல்லூரிக்குப் போங்க."

செப்டம்பர் 21, புதன்

காந்திபுரத்தில் ஏழு மணிப் பேருந்து. திருப்பூர் தாண்டும்போது இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். பெருந்துறையிலும் நினைத்தேன்.

பத்தரைக்கு வரவேற்பில் என் பெயரைச் சொன்னேன். மருத்துவக் கண்காணிப்பாளர் உள்ளே வரச் சொன்னார். நீண்ட மேசை. மூன்று டாக்டர்கள், ஒரு வக்கீல். சென்னியப்பனின் மகன், என்னைவிடப் பத்து வயது இளையவர், மொட்டையடித்த தலை. ஞானசெல்வி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு தாள் கிடந்தது. என்ன தாள் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து இடம் காலியா இல்லையா என்று என் நாற்காலியிலிருந்து தெரியவில்லை.

"கம்பெனி சார்புல வந்திருக்கீங்களா?" என்றார் கண்காணிப்பாளர்.

"இல்லை. என் சார்புல."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன். கெர்னல், ப்ராசசர் எதுவும் சொல்லவில்லை. அலாரம் வந்ததை இயந்திரம் எழுதிக்கொண்டது, ஆனால் மேசையில் தொண்ணூற்று நான்கு விநாடி கழித்துத்தான் ஒலித்தது. அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு மாற்றம். இந்த அம்மா ஒலி கேட்ட ஆறாவது விநாடி எழுந்திருக்கிறார். தாளை மேசையின் நடுவில் வைத்தேன்.

வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மகன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடனே அடிச்சிருந்தா அப்பா பொழச்சிருப்பாருங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க. பொழச்சிருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வெறுமனே ஆட்டினார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"சிஸ்டர், அந்தத் தாளைக் குடுங்க" என்றார் கண்காணிப்பாளர். ஞானசெல்வி கொடுத்தாள். அவர் அதை இரண்டாகக் கிழித்தார். கிழிக்கும்போது பார்த்தேன். கையெழுத்துப் போட்டிருந்தாள். சஸ்பென்ஷன் இன்றோடு ரத்து, நாளை முதல் டியூட்டி என்றார். நான் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று வக்கீல் சொன்னார். சரி என்றேன். தண்டபாணி சாரிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. யார் சொன்னார்களோ.

வெளியே வராந்தாவில் ஞானசெல்வி எனக்காக நின்றிருந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எனக்க மண்டைக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லம்மா."

"நல்லவேளை கண்டுபிடிச்சீங்க மேடம். எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

பதினாலாம் தேதி என்று சொல்லியிருக்கலாம். பரிசோதனை செய்த நாள், அதற்கு ஆதாரமும் உண்டு. நேற்று ராத்திரிதான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். உள்ளே யாரும் தேதி கேட்கவில்லை.

"ஏழாம் தேதி" என்றேன்.

அவள் உதடு மெல்ல அசைந்தது. தேதிகளை எண்ணுகிறாள் என்று புரிந்தது. எங்கள் லெட்டர். சஸ்பெண்ட் ஆன நாள். படியருகே பெஞ்சு.

"பன்னெண்டாம் தேதிதான் நான் காது டெஸ்டுக்குப் போனது" என்றாள்.

பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். அதில் கோபம் இல்லை. சூடான பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல் வைத்தாள். பிறகு வார்டு பக்கம் போனாள். வராந்தா முடியும்வரை என் கண்ணெதிரே நடந்தாள், திரும்பவில்லை.